குதிகால் வலி, உள்ளங்கால் வளைவு, ஏற்ற செருப்பு: இராமநாதபுரம் கடற்கரை மக்களின் கேள்விகளும் பதில்களும்

நான் பிசியோதெரபிஸ்ட். பிறந்து வளர்ந்தது மண்டபம், வேலை பார்ப்பது இராமநாதபுரம். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் என்று கரையோர ஊர்களிலிருந்து கால் வலியோடு வருகிறவர்கள் பேச்சை முடிக்கும்போது தவறாமல் கேட்பது ஒன்று: "எந்தச் செருப்பு வாங்கட்டும்?" இணையத்தில் இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் காலையில் மாட்டிய ஷூவை இரவில்தான் கழற்றுகிறவர்களுக்கானவை. நம் கால் அப்படி வாழ்வதில்லை. வீட்டில் வெறுங்கால், வாசலில் ரப்பர் செருப்பு, கரையில் மணல், மீன் ஏலத்தில் ஐஸ் தண்ணீர், கோயிலிலும் பள்ளிவாசலிலும் திரும்ப வெறுங்கால். அந்தக் காலை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்குவது போல வலிக்கிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. செருப்பை மாற்றினால் போய்விடுமா?

நீங்கள் சொல்லும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. அது குதிகாலைப் பிடித்திருக்கும் இடத்தில் நைந்துபோவதைத்தான் டாக்டர்கள் 'பிளான்டர் ஃபேசைடிஸ்' என்கிறார்கள். சித்த வைத்தியத்தில் குதிகால் வாதம் என்பார்கள். இரவெல்லாம் தளர்ந்து சுருங்கிக் கிடந்த பட்டை முதல் அடியில் வெடுக்கென்று இழுபடுகிறது. அதனால்தான் எழுந்தவுடன் உயிர் போகிறது. மதியம் உட்கார்ந்து எழுந்தாலும் அதே கதை.

40 முதல் 60 வயதுக்குள் இது அதிகம். நாள் முழுக்கக் கெட்டித் தரையில் நிற்பது, உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை, மெலிந்த செருப்பு எல்லாம் சேர்ந்துதான் கொண்டுவருகின்றன. செருப்பு மட்டும் காரணமில்லை என்பதால் செருப்பு மட்டும் மருந்தாகவும் ஆகாது. ஆனால் நல்ல செருப்பு இல்லாமல் மற்ற எதுவும் சரியாக வேலை செய்யாது. பெரும்பாலானவர்களுக்கு ஊசியோ அறுவை சிகிச்சையோ இல்லாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் சரியாகிவிடுகிறது. "பத்து நாள் போட்டேன், போகலையே" என்று செருப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொன்னார்களா? பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் போன்ற வளர்ச்சி இருக்கும். வலி குறைந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும்.

உள்ளங்கால் வளைவு, ஆர்ச் சப்போர்ட் என்கிறார்களே, அது என்ன?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவை கல் அடுக்கிக் கட்டிய பாலத்தின் வளைவு போல நிற்கின்றன. உட்பக்கம் உயரமான நீள வளைவு, வெளிப்பக்கம் தாழ்வான நீள வளைவு, விரல்களுக்குப் பின்னால் குறுக்காக ஒன்று. நாம் 'ஆர்ச்' என்று பேசுவது உட்பக்கத்து வளைவைத்தான். முதலில் சொன்ன நார்ப்பட்டை அந்த வளைவின் இரண்டு முனைகளையும் வில்லின் நாண் போல இழுத்துப் பிடித்திருக்கிறது. கால் ஊன்றும்போது வளைவு சற்று அமுங்கும், தூக்கும்போது எழும். அமுங்குவது அளவு மீறினால் நாண் நைகிறது. செருப்பின் உட்பக்கம் மெதுவாக உயர்ந்து அந்த அமுக்கத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதுதான் ஆர்ச் சப்போர்ட். வளைவைப் புதிதாக உண்டாக்கும் சக்தி எந்தச் செருப்புக்கும் கிடையாது.

எனக்குத் தட்டைப் பாதமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். கடற்கரைக்காரர்கள் ஈர மணலில் தடம் பார்ப்பார்கள். மணல் ஏமாற்றும்: கால் புதையும்போது மணல் பக்கவாட்டில் எழுந்து உள்ளங்காலின் குழியையும் தொட்டுவிடும், எல்லாருக்கும் தட்டைப் பாதம் போலவே தெரியும். பாதத்தை நனைத்து, காய்ந்த சிமென்ட் தரையில் இயல்பாக நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். குதிகாலையும் முன்பாதத்தையும் இணைக்கும் பட்டை பாதி அகலம் இருந்தால் இயல்பான வளைவு. இடைவெளியே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டை. நடுவில் அறுந்தோ நூலிழையாகவோ பதிந்தால் உயர்ந்த வளைவு. உயர்ந்த வளைவுக்காரர்களுக்கும் குதிகால் வலி வரும், இதைப் பலர் நம்புவதில்லை.

அடுத்து ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து, நுனிவிரலில் எழும்பி நில்லுங்கள். அப்போது வளைவு தோன்றினால் உங்களுடையது நெகிழ்ந்த தட்டைப் பாதம், கவலைக்குரியது அல்ல. எழும்பி நின்றும் வளைவு வரவில்லை, அல்லது வலி இருக்கும் ஒற்றைக் காலால் எழும்பவே முடியவில்லை என்றால், கடைக்குப் போகுமுன் எலும்பு மருத்துவரிடம் போங்கள். கணுக்காலின் உட்பக்கமாக இறங்கி வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம்.

தட்டைப் பாதம்தான், ஆனால் வலி எதுவும் இல்லை. ஆர்ச் சப்போர்ட் வாங்க வேண்டுமா?

வேண்டாம். வலியில்லாத தட்டைப் பாதம் நோய் இல்லை.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது? எல்லாவற்றிலும் 'ஆர்த்தோ', 'டாக்டர்' என்றுதான் எழுதியிருக்கிறது.

அட்டையில் எழுதியிருப்பதை விடுங்கள். முதலில் என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா கருவாடு காயப்போடும் வேலை செய்தவர். குதிகால் வலி வந்ததும் எனக்குச் சொல்லாமல் கடைக்குப் போய், உட்பக்கம் மேடு வைத்த ஒரு செருப்பை வாங்கிவந்தார். "ஒரு வாரம் குத்தும், அப்புறம் பழகிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருக்கிறார். எட்டாம் நாள் உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அன்று இரவு காலண்டர் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, அம்மாவை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். வெட்டி எடுத்துச் செருப்பின் மேல் வைத்தபோது விஷயம் தெரிந்தது. அந்த மேடு அம்மாவின் வளைவுக்கு ஒரு விரற்கடை முன்னால் தள்ளி இருந்தது. வளைவு இருக்க வேண்டிய இடம் காலியாகவும், எலும்பு ஊன்றும் இடத்தில் மேடாகவும் இருந்தது. எத்தனை வாரம் போட்டாலும் அது பழகியிருக்காது.

அன்றிலிருந்து எல்லாரிடமும் நான் சொல்வது: காலண்டர் தாளில் இரண்டு பாதத்தையும் நின்றபடி வரைந்து வெட்டி, கடைக்குக் கொண்டுபோங்கள். பொழுது சாய்ந்தபின் போங்கள், பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் செருப்பு வேண்டும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரியதற்கு வாங்குங்கள். தாளை உள்ளே வைத்தால் ஓரம் மடங்கக் கூடாது. நின்று பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதையே கணக்கில் எடுங்கள்.

பிறகு கையால் மூன்று சோதனை. ஷூ என்றால் அதன் குதிகால் பக்கப் பின்சுவரை இரண்டு விரலால் அழுத்துங்கள், அது உள்ளே படுத்துவிடக் கூடாது. முன்னும் பின்னும் பிடித்து மடக்குங்கள், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் அங்கே தாங்குவதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். துணி போலவே முறுகிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போட்டுக்கொண்டு கடையின் தரைவிரிப்பில் நடக்காதீர்கள், வாசல் பக்கம் கெட்டித் தரையில் நடங்கள். உட்பக்கத்தில் ஏதோ மெல்லத் தாங்குவது போல் இருக்கலாம். கூழாங்கல் மேல் நிற்பது போல் இருக்கக் கூடாது. புதுச் செருப்பு கொஞ்சம் விறைப்பாக இருப்பது வேறு, குத்துவது வேறு.

குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்றிரண்டு செ.மீ. உயரமாக இருந்தால் கெண்டைக்கால் இழுப்பு குறையும். எடை குறைவாக இருக்கட்டும். கால் நுனியில் சுமக்கும் எடையின் கொடுமையை நம் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அறிந்திருந்தார். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மூன்று கிலோ எடையுள்ள உலோகக் காலிப்பரை, அதாவது கால் தாங்கியை, இழுத்து நடந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ஏவுகணைக்குப் பயன்படுத்திய இலகுவான பொருளைக் கொண்டு சுமார் 300 கிராமில் காலிப்பர் செய்ய வழி பார்த்தார்.

எட்டாம் நம்பர் நீளம் சரியாக இருக்கிறது, பக்கவாட்டில் நெரிக்கிறது. ஒன்பது வாங்கலாமா?

இது உங்கள் கால் செய்த தப்பு இல்லை. கடைகளில் இருக்கும் எண்கள் பிரிட்டிஷ் அளவுமுறை. அதில் ஒரு எண் கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது. ஒன்பது வாங்கினால் குதிகால் உள்ளே ஆடும், மேடு இடம் மாறிவிடும். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதங்களை அளந்து பார்த்தது. ஐரோப்பியரைவிட இந்தியப் பாதம் அகலம் என்று தெரிந்து, நமக்கென்று தனி அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. அது உங்கள் கடைக்கு வரும்வரை 'வைட்' என்று கேட்டு வாங்குங்கள். ஆண்கள் ஷூவில் 2ஈ என்றால் அகலம், 4ஈ என்றால் மிக அகலம். அதுவும் கிடைக்காவிட்டால் மேல்பக்கம் வெல்க்ரோ பட்டை வைத்த செருப்பு, அதை நம் அகலத்துக்குத் தளர்த்திக்கொள்ளலாம்.

நான் கீழக்கரை. ஐந்து வேளை தொழுகைக்குப் போகிறவன். லேஸ் கட்டும் ஷூ எனக்கு ஒத்துவராது. செருப்பிலேயே ஆர்ச் சப்போர்ட் கிடைக்குமா?

கிடைக்கும். உங்களுக்கு ஷூவைவிடச் செருப்புதான் நல்லது என்பேன். தொழுகைக்கு முன் ஒளுச் செய்து, அதாவது கை, முகம், கால் கழுவி வந்த ஈரக் காலை ஒரு நாளில் ஐந்து முறை மூடிய ஷூவுக்குள் திணித்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் நிச்சயம். நமது புழுக்கத்தில் அது ஆறவும் ஆறாது.

பின்னால் வார் உள்ள பெல்ட் செருப்பாகப் பாருங்கள். முன்பாதத்துக்கு மேல் அகலமான பட்டை, குதிகாலைச் சுற்றி ஒரு வார், உள்ளே குதிகால் உட்காரக் கிண்ணம் போலப் பள்ளம், உட்பக்கம் மெல்ல எழும் மேடு. இந்த நான்கும் இருந்தால் போதும். பின்வாரைப் பக்கிள் இல்லாமல் வெல்க்ரோவில் எடுத்தால் குனிந்து நிமிரும் நேரம் மிச்சம். பக்கிள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பது இன்னொரு காரணம். பின்வாரை மடக்கிக் குதிகாலுக்கு அடியில் போட்டு மிதித்துக்கொண்டு நடப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அப்படி நடந்தால் விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டே இருக்கும், அந்த இழுப்பு நேராக நார்ப்பட்டைக்குத்தான் போகும்.

கட்டைவிரல் வார் மட்டும் உள்ள ஹவாய் செருப்பிலும் இதே குறைதான். பாத்ரூமுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைவரை நடக்கும் நாளுக்கு அது வேண்டாம்.

வெளியே போவதே குறைவு, வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு ஏன் குதிகால் வலி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கேட்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். விலை கொடுத்து வாங்கிய செருப்பு வாசலில் கிடக்கிறது. கால் விடியற்காலை ஐந்து மணி முதல் இரவு பத்து வரை டைல்ஸ் தரையிலும் கிரானைட் தரையிலும் வெறுமனே நிற்கிறது. நம் பாட்டிமார் நின்றது மண் தரையில், சாணம் மெழுகிய திண்ணையில். வீடு மாறிவிட்டது, கால் மாறவில்லை.

வீட்டுக்குள் செருப்பு போடுவது மரியாதை இல்லை என்பார்கள். எனக்கும் அந்த வளர்ப்புதான். வாசலைத் தாண்டாத ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மெத்தென்ற அடியும் குதிகால் கிண்ணமும் உள்ளதாக. பூஜை அறைப் பக்கம் கழற்றிவிடலாம். அதைக் கட்டிலுக்கு அடியில், கால் இறங்கும் இடத்திலேயே வையுங்கள். முதல் அடி தரையில் படாமல் அதற்குள் படட்டும். தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு அக்கா, "அம்பது வயசுல வீட்டுக்குள்ள செருப்பு போட்டா மாமியா என்ன சொல்லும்?" என்று கேட்டார். மாமியாருக்கும் அதே வலி இருந்தது. இரண்டு ஜோடி வாங்கச் சொன்னேன்.

சமையல் மேடைக்கு முன்னால், நிற்கும் இடத்தில், தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் இன்னும் நல்லது. ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கும் பிள்ளைகளும் முதலாளியிடம் இதைக் கேட்க வேண்டும்.

கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தால் கால் பலப்படும் என்கிறார்களே?

வலி இல்லாதவர்களுக்கு நல்லதுதான், பாதத்தின் சிறு தசைகள் வேலை செய்யும். ஆனால் மணல் நடை லேசான நடை இல்லை. அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். குதிகால் புதையப் புதையக் கெண்டைக்காலும் நார்ப்பட்டையும் கூடுதலாக இழுபடும். ஆகவே வலி இருக்கும் மாதங்களில் உலர்ந்த, காலை வாங்கும் மணல் வேண்டாம். அலை வந்து போன இறுகிய ஈர மணலில், செருப்போடு, கொஞ்ச நேரம் நடக்கலாம். கரை சரிவாக இருக்கும், ஒரே பக்கமாகப் போனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் ஊன்றும். போன வழியே திரும்பி வாருங்கள். சுகர் உள்ளவர்கள் வெறுங்காலில் இறங்கவே கூடாது. சிப்பி ஓடு கிழித்தது தெரியாமலே நடந்து வந்துவிடுவார்கள்.

மெத்தென்ற செருப்பு வாங்கினேன். ஒரே வாரத்தில் கருவேல முள் உள்ளே ஏறிவிட்டது.

வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலம் இல்லாத ஒற்றையடிப் பாதை ஏது? நுரை போன்ற இலகு அடிப்பாகத்தை அந்த முள் வெண்ணெயில் கத்தி போல் துளைத்துவிடும். டயரை வெட்டிச் செய்த செருப்பை நம் பெரியவர்கள் போட்டது அதற்காகத்தான். அதில் முள் ஏறாது, காலுக்குச் சுகமும் கிடையாது.

இரண்டும் வேண்டுமென்றால் அடிப்பாகம் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும்: தரையில் படும் அடுக்கு அடர்த்தியான கெட்டி ரப்பர், அதற்கு மேல் நுரை. பக்கவாட்டில் பார்த்தால் கோடு பிரிந்து தெரியும். பிடித்த செருப்பு ஒற்றை நுரையாகவே இருக்கிறதா? செருப்பு தைப்பவரிடம் கொடுத்துக் கெட்டி ரப்பர் தாள் ஒட்டித் தைக்கச் சொல்லுங்கள். வெறும் பசை நம் ஊர் ஈரத்துக்கு நிற்காது, சுற்றிலும் தையல் போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அடியைத் திருப்பி, ஒடிந்து நிற்கும் முள்முனைகளைப் பிடுங்கிப் போடுங்கள். இன்று வெளியே தெரியும் முனை நாளை உள்ளே வரும்.

மீன் ஏலம், படகு, உப்பளம் என்று எப்போதும் நனைகிற வேலை. எங்களுக்கு எது?

படகுத் தளத்தில் வெறுங்காலின் பிடிமானத்துக்கு ஈடு கிடையாது, அங்கே செருப்பைத் திணிக்க நான் வரவில்லை. கரை ஏறியபின் போடுவதைப் பாருங்கள். மீன் இறங்குதளத்தில் ஐஸ் தண்ணீரும் செதிலும் கிடக்கும் தரையில் நிற்கிறவர்களுக்குக் கம்பூட்ஸ் பாதுகாப்பு, ஆனால் அதன் உள்ளே வளைவு என்று எதுவும் இல்லை. கழற்றி எடுக்கக்கூடிய இன்சோல், அதாவது உள்ளே போடும் தனி உள்ளடி, ஒன்று வாங்கிப் போடுங்கள், இரண்டு ஜோடி இருக்கட்டும். ஒன்று காயும், ஒன்று காலில். வாலிநோக்கம் உப்பளங்களிலும் அப்படித்தான். உப்பு நீர் பித்தவெடிப்பில் இறங்கினால் எரிச்சல் தாங்காது, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

பாசி எடுக்கப் போகும் பெண்கள் பவளப்பாறை கிழிக்காமல் இருக்க ரப்பர் செருப்போடு கடலில் இறங்குகிறார்கள். அந்த நனைந்து ஊறிய செருப்பையே போட்டுக்கொண்டு வீடுவரை நடக்கிறார்கள். கரையில் ஒரு கூடையில் காய்ந்த பெல்ட் செருப்பு ஒன்று காத்திருந்தால் அந்த நடை வேறு மாதிரி இருக்கும்.

மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த விலையுயர்ந்த ஷூ. இரண்டு வருடம் பெட்டியிலேயே வைத்திருந்தேன். போட்ட முதல் நாளே அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. சில ஷூக்களின் அடி பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றின் ஈரம் மெல்ல மெல்ல அதைச் சிதைக்கும். நடக்க நடக்க அமுங்கி எழுந்தால் உள்ளே சேரும் ஈரம் வெளியேறும் என்பார்கள், பெட்டிக்குள் பூட்டி வைத்தால் உள்ளேயே தங்கிச் சிதைக்கும். நல்ல நாளுக்கு என்று பொத்திவைத்த ஷூதான் நம் கரையில் முதலில் சாகிறது. வாங்கியதைப் போட்டு நடந்துவிடுங்கள்.

ஈ.வி.ஏ. என்ற இலகு நுரையை ஈரம் ஒன்றும் செய்யாது, வெயில்தான் எதிரி. மொட்டைமாடியில் காயப்போட்டால் சுருங்கி, வளைவு இடம் மாறும். கடல் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், பழைய செய்தித்தாளை உள்ளே திணித்துக் காயவிடுங்கள். தோல் செருப்பு உப்பு ஏறினால் விறைத்து வெடிக்கும், கரையோரம் அன்றாட நடைக்கு அது வேண்டாம்.

கால் அளவெடுத்துச் செய்யும் இன்சோல் நல்லதா, கடையில் ரெடிமேடாக வாங்கலாமா?

சாதாரண குதிகால் வலிக்கு முதலில் ரெடிமேட் போதும். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அளவெடுத்துச் செய்தது பெரிதாக மேலானது என்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் சில நூறு ரூபாய் இன்சோலைச் சில வாரம் போட்டுப் பாருங்கள். ஜெல்லி போல முழுக்க அமுங்குவது வேண்டாம், கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்க வேண்டும். ஷூவில் ஏற்கெனவே இருக்கும் தாளை எடுத்துவிட்டுப் போடுங்கள், அதன் மேலேயே போட்டால் மேல்பக்கம் நெரிக்கும். பாதம் கோணியிருந்தால், கால் நீளம் வித்தியாசம் இருந்தால், சுகர் புண் இருந்தால் அளவெடுத்ததுதான் சரி. முழுக்கப் புடைத்த புள்ளிகள் வைத்த அக்குபிரஷர் செருப்பு வளைவைத் தாங்காது.

சுகர் இருக்கிறது. கால் மரத்த மாதிரி இருக்கிறது. எனக்கும் இதே செருப்புதானா?

இல்லை. மேலே சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குக் கெட்டியான மேடு ஆபத்து, என் அம்மாவுக்கு வந்த கொப்புளம் உங்களுக்கு வந்தால் தெரியவே தெரியாது. உங்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பர் உள்ளடி வைத்தது. உணர்விழந்த தொழுநோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்ற டாக்டர் பால் பிராண்டும் அவர் குழுவும் வேலூரில் செய்த வேலையிலிருந்து இந்த வகைச் செருப்பு நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. கட்டைவிரல் வார் வேண்டாம், விரலிடுக்கை அறுக்கும். பின்வார் கட்டாயம். உள்ளே ஆணி, தையல் முடிச்சு எதுவும் கைக்குத் தட்டுப்படக் கூடாது.

ஒவ்வொரு முறையும் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். மணல், சிப்பித்துண்டு, முள்முனை எது இருந்தாலும் கை சொல்லும், கால் சொல்லாது. இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறையாவது மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவர்களிடம் கால் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கி, அதே நேரம் வலி குறைவாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். குதிகால் வலி. செருப்பு போட முடியாதே?

ஆசையை நிறுத்தாதீர்கள். அதிகாலையில் போங்கள், தரை சூடேறியிருக்காது. தங்கும் இடத்திலேயே கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்துவிட்டுக் கிளம்பட்டும். ஈரக் கல் வழுக்கும், கை பிடிக்க ஒருவர் கூடவே வேண்டும். 1,212 தூண்கள் நிற்கும் பிரகாரத்தை ஒரே மூச்சில் சுற்ற வேண்டியதில்லை. வெளியே வந்ததும் காலைத் துடைத்து, பையில் கொண்டுபோன நல்ல செருப்பைப் போட்டுவிடுங்கள். செருப்பு விடும் இடத்திலிருந்து வாகனம்வரை சூடேறிய தாரில் ஓடுவதில்தான் பலருக்கும் கால் கெடுகிறது. சுகர் உள்ளவர்களுக்கு உச்சி வெயிலில் அது தீக்காயமாகவே முடியும்.

ஐந்து வயது மகனுக்குத் தட்டைப் பாதம். ஸ்பெஷல் ஷூ வாங்கச் சொல்கிறார்கள்.

அந்த வயதில் பல பிள்ளைகளின் பாதம் கொழுப்பு நிரம்பித் தட்டையாகத்தான் தெரியும். வளர வளர வளைவு எழும். நுனிவிரலில் நின்றால் வளைவு வருகிறதா, வலி இல்லாமல் ஓடுகிறானா? விட்டுவிடுங்கள். 1992-இல் இந்திய மருத்துவர்கள் இருவர் 4 முதல் 13 வயதுவரையான 2,300 பிள்ளைகளின் பாதத்தடங்களைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், காலணி போட்டவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், போடாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும்தான் தட்டைப் பாதம் இருந்தது. மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. சாயங்காலம் சுத்தமான மணலில் வெறுங்காலோடு ஓடவிடுங்கள்.

பள்ளி ஷூவை "அடுத்த வருஷமும் ஆகும்" என்று இரண்டு எண் பெரிதாக வாங்காதீர்கள், கட்டைவிரல் அகலம்தான் கணக்கு. ஒரு கால் மட்டும் தட்டை, பாதம் விறைப்பு, அடிக்கடி வலி, தடுக்கி விழுவது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராணுவத்துக்குப் போக ஆசை. தட்டைப் பாதம் என்றால் கழித்துவிடுவார்களா?

ராணுவ மருத்துவ விதியில், நுனிவிரலில் நிற்கும்போது வளைவு திரும்பத் தோன்றி, விரல்நுனியில் நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்து, பாதம் வலியின்றி நெகிழ்வாக இருந்தால் ஏற்கலாம் என்று இருக்கிறது. மற்ற படைகளுக்கு விதி வேறு, அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். தினமும் நுனிவிரலில் எழும்பி இறங்கும் பயிற்சி செய்யுங்கள் தம்பி, தேர்வுக்கு முந்தின மாதத்தில் தொடங்காமல் இப்போதே.

செருப்போடு வேறு என்ன செய்ய வேண்டும்? ஊசி போடலாமா?

கட்டிலை விட்டு இறங்குமுன் வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுங்கள். உள்ளங்காலில் நாண் விறைப்பது மற்றக் கைக்குத் தெரியும். பத்து எண்ணும்வரை, பத்து முறை. பிறகு சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தூக்காமல் முன்னால் சாயுங்கள், அரை நிமிடம், மூன்று முறை. சாயங்காலம் ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி உள்ளங்காலால் உருட்டுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்றாகக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகவும், குதிகாலுக்கு அடியில் இயற்கை வைத்த கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்பு உண்டு. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது, மரத்துப்போவது, வீக்கம், குதித்த பிறகு ஊன்றவே முடியாமை, இளவயதில் இரண்டு குதிகாலிலும் வலியோடு காலையில் இடுப்பும் விறைப்பது: இவற்றில் எது இருந்தாலும் செருப்புக் கடைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

செருப்பை எப்போது மாற்றுவது?

மேசை மேல் வைத்து, கண்மட்டத்தில் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் லேசாகத் தேய்ந்திருப்பது இயல்பு. செருப்பே ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், நகத்தால் அழுத்திய பள்ளம் எழும்பாமல் அப்படியே கிடந்தால், உள்ளே உங்கள் குதிகால் பதிந்து குழியாகியிருந்தால் அதன் காலம் முடிந்தது. மேல்பக்கம் புதிது போல இருக்கும், வாரும் நன்றாக இருக்கும். மனம் வராது. இருந்தாலும் அன்றைக்கே மாற்றுங்கள், பழையதை வாசலில் விட்டுவைக்காதீர்கள். அவசரத்தில் கால் அதைத்தான் தேடிப்போகும்.